காய்ச்சல் தலைக்கு ஏறுமுன்: ஏலமலைச் சரிவில் ஸ்க்ரப் டைபஸ்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரிந்து போகின்றன. அவற்றில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏலக்காய் எடுக்கும் பெண்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் மேலே பிடிப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து, அதில்தான் காய்க்கிறது. எனவே காய் எடுப்பவர் நாள் முழுக்கச் செடியின் அடியில் குனிந்தோ, குத்தவைத்தோ, சருகின் மேல் உட்கார்ந்தோ வேலை பார்த்தாக வேண்டும். ஈரச் சருகு, மர நிழல், காய் கொறிக்க வரும் எலி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் நோய் பரவுவதற்கு அவ்வளவு போதும்.

விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வந்து மூளையைத் தாக்கும் பாக்டீரியாக்கள் பல உண்டு. மலையடிவாரத்திலும் எஸ்டேட்டிலும் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு தலைவலி, உளறல், வலிப்பு வந்தால் அவற்றில் முதலில் நினைக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இது மிகுதியாக வருகிறது. அதை முதலில் நினைக்கச் சொல்வதற்கு அதன் பரவல் மட்டும் காரணமில்லை. மூளைக்காய்ச்சல் என்ற பெயரில் வரும் நோய்களில், சீக்கிரம் பிடித்தால் சில ரூபாய் மாத்திரையால் முழுக்கக் குணமாகக்கூடியது இது. குணமாகும் நோயைக் கடைசியில் நினைத்தால் ஆளை இழப்போம். கிராம சுகாதாரச் செவிலியர், துணை சுகாதார நிலையப் பணியாளர், மருந்துக்கடைக்காரர், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், நோயாளியின் வீட்டார் என எல்லோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கடிப்பது எது, மூளைக்கு எப்படிப் போகிறது

நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுசுகமுஷி. புதர்களிலும் சருகிலும் வாழும் மைட் என்ற நுண்ணிய உண்ணிதான் அதைச் சுமக்கிறது. செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் மாட்டின் காதில் தொங்கும் உண்ணியைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது அதுவல்ல. கடிப்பது மைட்டின் இளம்புழு மட்டுமே. அது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அரிது. கடித்தால் வலிக்காது. தாய் மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவை இந்தப் பூச்சிக்கு உணவாகி அதைப் பெருக்குகின்றன. எலி எங்கே அதிகமோ அங்கே மைட்டும் அதிகம். மனிதனுக்கு மனிதன் இது தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், காய்ச்சல் தொடங்கும். கிருமி குடியேறும் இடம் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர். சுவர் அழன்று கசியத் தொடங்குகிறது. உடல் முழுக்க நுண்குழாய் இருப்பதால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் ஒரே சமயத்தில் பாதிக்கப்படுகின்றன. மூளை தனியாகப் பழுதாவது அரிது. இரண்டாவது வாரத்தில் ஒருவர் உளறவும் செய்து, மூச்சும் வாங்கி, கண்ணும் லேசாக மஞ்சளித்திருந்தால், மூன்று உறுப்புக்கும் மூன்று நோயைத் தேட வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் என்ற ஒரே நோயைத் தேடுங்கள்.

ஐந்தாம் நாள்

முதல் நான்கு நாளில் இந்தக் காய்ச்சலுக்குத் தனி முகம் கிடையாது. தலைவலி, உடம்புவலி, குளிர், வாந்தி, வறட்டு இருமல் எல்லாம் எந்தக் காய்ச்சலிலும் வருபவைதான். மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை, பிறகு ஓர் ஊசி, பிறகு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் என்று அந்த நாட்கள் கழிகின்றன. டெங்குவில் நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இறங்காது. ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல், அதுவும் கண்ணுக்குப் பின்னால் இடிக்கும் தலைவலியோடு இருந்தால், அன்றே சந்தேகத்தை எழுதிவையுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில் பாதி நோய் பிடிபடும். "காட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஏலத்தோட்டத்தை யாரும் காடு என்று நினைப்பதில்லை. இப்படிக் கேளுங்கள்: "அக்கா, மேல மலைக்கு வேலைக்குப் போவீங்களா? எந்தப் பக்கம்? காய் எடுக்கவா, களை வெட்டவா? மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க? வீட்டைச் சுத்திப் புதர் இருக்கா, எலி நடமாட்டம் உண்டா?" வேலைக்கே போகாத பாட்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும்கூட நோய் வரும். விறகு பொறுக்கும் இடமும் வெளிக்குப் போகும் இடமும் வீட்டுப் பின்பக்கப் புதரும் போதும்.

மேலே கேரளப் பக்கத்து மருத்துவர் கொடுத்த சீட்டைக் கையோடு வாங்கிப் பாருங்கள். வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில் என்பதால் முதல் நான்கு நாள் வைத்தியம் பெரும்பாலும் எங்கள் பதிவேட்டில் இருப்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தால் காய்ச்சல் ஒரு நாள் அடங்கினாற்போல் தெரிந்து எல்லோரையும் ஏமாற்றிவிடும்.

மூளை தொடப்பட்டதன் முதல் அடையாளம் வலிப்பு அல்ல. வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். "பேசினதையே பேசுறா", "ராத்திரி பூரா முனகுறார்", "பிள்ளை பேரை மாத்திக் கூப்பிடுறார்" என்பார்கள். இதைக் காய்ச்சல் வேகம் என்று தள்ளிவிடக்கூடாது. காது திடீரென்று மந்தமாவதும், காதில் இரைச்சலும் இந்த நோயில் வருவதுண்டு. கேட்டால் மட்டுமே சொல்வார்கள். கழுத்தை முன்னால் மடக்க முடியாமல் விறைப்பது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, பொருள் இரண்டாகத் தெரிவது ஆகியவை அடுத்த கட்டம். உளறுகிறவரைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் காரியம் விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது. சாப்பிடாமல் கிடந்தவருக்குச் சர்க்கரை குறைந்தும் உளறல் வரும். அது ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியது.

வலிப்பு வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கோடாங்கியிடம் குறி கேட்பது குடும்பத்தின் நம்பிக்கை. அதை யாரும் தடுக்கத் தேவையில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு அதைச் செய்துகொள்ளலாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

கருப்புப் பொருக்கைத் தேடுதல்

இந்த நோயை அரை நிமிடத்தில் ஏறக்குறைய உறுதிப்படுத்தும் அடையாளம் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் தோல் செத்து, நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமும் உண்டாகும். சிகரெட்டால் சுட்ட தழும்பு போல இருக்கும். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு எஸ்கார் என்று பெயர். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி அதைச் சொல்லமாட்டார். பல சமயம் அவருக்கே தெரியாது. தேடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இளம்புழு ஆடை இறுக்கும் இடத்தையும் தோல் மடிப்பையும் தேடிப் போய்க் கடிக்கும். அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொப்புள், இடுப்பில் பாவாடை நாடா பதியும் கோடு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை, பின்புறம், முழங்காலின் பின்மடிப்பு, குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும். சேலையை விலக்காமல் கழுத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு "எஸ்கார் இல்லை" என்று எழுதுவது பார்க்காததற்குச் சமம். பெண் நோயாளிக்குத் திரை போட்டு, பெண் செவிலியர், நல்ல டார்ச் வெளிச்சத்தில், எதைத் தேடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். "உங்க காய்ச்சலுக்குக் காரணம் ஒரு சின்னப் புண்ணா இருக்கலாம்மா, அதைத் தேடுறேன்" என்றால் மறுப்பவர் குறைவு.

ஈரம் தங்கும் மடிப்புகளில் கருப்புப் பொருக்கு உதிர்ந்துபோய் மஞ்சள் பூத்த ஆழமில்லாத புண்ணாகத் தெரியும். தேடும் கண் கருப்பையே எதிர்பார்த்தால் இது தவறிவிடும். நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தொடை இடுக்கில் நெறி இருந்தால் அந்தக் காலையும் பிறப்புறுப்பையும், அக்குளில் இருந்தால் அந்தக் கையையும் மார்பையும் இன்னொரு முறை தேடுங்கள். எஸ்டேட்டில் அட்டைக்கடி சாதாரணம் என்பதால் எல்லாப் புண்ணையும் அட்டை தலையில் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிந்திருக்கும், பிறகு நாட்கணக்கில் அரிக்கும். எஸ்கார் இரண்டும் செய்யாது.

பலருக்கு எஸ்கார் இருப்பதில்லை. அது இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் எதுவும் உறுதியில்லை. சந்தேகம் அப்படியே நிற்க வேண்டும்.

இரத்தமும் முதுகுத்தண்டு நீரும்

சாதாரண இரத்தப் பரிசோதனையே நிறையச் சொல்லும். தட்டணுக்கள் குறைந்திருக்கும், கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏறியிருக்கும், அல்புமின் இறங்கியிருக்கும். தட்டணு குறைந்ததும் டெங்கு என்று முடிவு கட்டுவதுதான் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நடக்கும் பெரிய தவறு. டெங்குவில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும். ஸ்க்ரப் டைபஸில் இயல்பாகவோ கூடியோ இருக்கும். மலேரியாவுக்கும் ஒரு பூச்சு பார்த்துவிடுங்கள்.

உறுதிப்படுத்த ஐஜிஎம் எலைசா பரிசோதனை இருக்கிறது. எதிர்ப்பொருள் உருவாக நாளாகும் என்பதால் முதல் நான்கைந்து நாளில் அது நெகட்டிவ் என்று வரலாம். நெகட்டிவ் சீட்டைக் காட்டி மருந்தை நிறுத்தாதீர்கள். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை பல நோயாளிகளைத் தவறவிடும். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் அது துணை. எஸ்கார் இருந்தால் அதன் பொருக்கைச் சுரண்டி எடுத்து பி.சி.ஆர். செய்யலாம். முதல் வாரத்திலேயே தெளிவான விடை தருவது அதுதான்.

மூளை அறிகுறி இருந்தால் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்புவது நல்லது. "முதுகுல தண்ணி எடுத்தா கால் விழுந்துரும்" என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. ஊசி நுழையும் மட்டத்தில் தண்டுவடமே இல்லை, அது மேலேயே முடிந்துவிடுகிறது என்று வீட்டாரிடம் பொறுமையாக விளக்குங்கள். தட்டணு மிகக் குறைந்திருந்தாலோ, மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் அடையாளம் தெரிந்தாலோ பரிசோதனையைத் தள்ளிப்போடலாம். மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்க்ரப் டைபஸில் அந்த நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெள்ளணுக்கள் கூடியிருக்கும், அவற்றில் பெரும்பான்மை லிம்ஃபோசைட்டுகள். புரதம் ஓரளவு ஏறியிருக்கும், சர்க்கரை பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதே நேரத்தில் எடுத்த இரத்தச் சர்க்கரையோடு ஒப்பிடாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சீழ் மூளைக்காய்ச்சலில் நீர் கலங்கியிருக்கும், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். அதைப் பிரிப்பது எளிது.

காசநோய் மூளைக்காய்ச்சல்தான் உண்மையில் குழப்புவது. அங்கும் லிம்ஃபோசைட்டுகள், அங்கும் புரதம். இந்தக் குழப்பத்தில் ஒருவர் ஸ்க்ரப் டைபஸோடு வந்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்க நேரிடும். அதைவிட மோசமாக, சரியான மருந்து கிடைக்காமல் முதல் வாரத்திலேயே இறந்துபோகவும் நேரிடும். பிரித்தறிய நாட்களை எண்ணுங்கள். காசநோய் வாரக்கணக்கில் மெலிவும் மாலைக் காய்ச்சலுமாக ஊர்ந்து வரும். ஸ்க்ரப் டைபஸ் பத்து நாளுக்குள் ஆளைப் படுக்கவைக்கும். காசநோயில் சர்க்கரை அதிகம் குறையும், புரதம் அதிகம் ஏறும். கல்லீரல் நொதி ஏற்றமும் தட்டணுக் குறைவும் சேர்ந்திருந்தால் தராசு ஸ்க்ரப் டைபஸ் பக்கம் சாயும். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நீரை சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

கோரக்பூரில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். உத்தரப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற வைரஸ் நோயாகவே அது கருதப்பட்டது. தடுப்பூசி வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுக்கள் 2014-க்குப் பிறகு பார்த்தபோது, அந்தக் குழந்தைகளில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸ் எதிர்ப்பொருள் இருந்தது. காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தொடங்கும் நடைமுறை அதன் பிறகுதான் அங்கே வந்தது. குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலம் முழுவதும் அந்த மருந்து மருந்துக்கடைகளில் இருந்தது. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

மருந்து

பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன், ஜென்டாமைசின் எதுவும் ஸ்க்ரப் டைபஸைக் கொல்லாது. மூளைக்காய்ச்சல் என்றதும் கை தானாகப் போவது செஃப்ட்ரியாக்சோனுக்குத்தான். சீழ் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் அதைத் தொடங்குவது சரி. அதோடு டாக்ஸிசைக்ளினும் சேராமல் விடுவதுதான் பிழை. வைரஸ் சந்தேகமும் இருந்தால் அசைக்ளோவிரும் சேரட்டும். விடை வந்த பிறகு வேண்டாததை நிறுத்திக்கொள்ளலாம்.

மூளை, நுரையீரல் பாதிப்பு இல்லாத பெரியவருக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் கணக்கில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பல் கறையாகும் என்ற அச்சத்தில் குழந்தைக்கு மறுக்க வேண்டாம். ஒரு வாரச் சிகிச்சைக்கு அந்த அச்சம் பொருந்தாது. கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 5 நாள். இந்த நோய் கருவையே கலைத்துவிடக் கூடியது என்பதால் கர்ப்பிணிக்கு ஒரு நாள் தாமதமும் ஆகாது. 2015-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறையும் இதே அளவுகளைத்தான் சொல்கிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே தொடங்கலாம் என்பதும் அதில் உண்டு.

மூளை தொடப்பட்டவருக்கு மாத்திரை போதாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023-ல் வெளியானது. தீவிர ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின் மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்து, நரம்பு வழியாக 7 நாள் கொடுத்தார்கள். சாவு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் நிற்கும் காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரே மருந்து பெற்றவர்களில் 47, 48 விழுக்காடும் இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடும் வந்தது. தீவிர நோயாளிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு அடிப்படை இந்த ஆய்வுதான். ஊசி டாக்ஸிசைக்ளின் இல்லாத சிறிய மருத்துவமனையில், ஆம்புலன்ஸ் வரும்வரை, மூக்குக்குழாய் வழியாக மாத்திரையைக் கரைத்தாவது முதல் வேளையைக் கொடுத்து, நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

குளுக்கோஸ் பாட்டிலில் நிதானம் தேவை. குழாய்ச் சுவர் கசிகிற நோய் இது. அளவு மீறி ஏற்றும் நீர் நுரையீரலில் போய்த் தேங்கும். வலிமாத்திரைகளில் பாராசிட்டமாலோடு நின்றுவிடுங்கள். டைக்லோஃபெனாக் ஊசி சிறுநீரகத்தையும் தட்டணுவையும் கெடுக்கும்.

சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லையென்றால் நோய் வேறா, கூட இன்னொன்று இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை: டாக்ஸிசைக்ளினைச் சாப்பிட்ட பின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வாய்வு மருந்து ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு ஜீப் ஏறுபவர்கள் உண்டு. ஏழு நாள் முடியட்டும்.

விலங்குகளிடமிருந்து வந்து மூளையைத் தாக்கும் வேறு இரண்டு நோய்கள்

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் வெடித்த காலில் படுவதால் வருகிறது. கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிப்பதும், பீளை இல்லாமல் கண் சிவப்பதும், மஞ்சள் காமாலையும் அதன் குறிகள். முதல் காய்ச்சல் அடங்கி இரண்டாவது வாரத்தில் மூளையுறை அழற்சி வரும். இதற்குப் பென்சிலினும் செஃப்ட்ரியாக்சோனும் டாக்ஸிசைக்ளினும் வேலை செய்யும். புருசெல்லா காய்ச்சாத பாலிலும், கன்று வீசிய மாடு ஆடுகளின் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, இடுப்புவலி, பிறகு தலைவலி, காது மந்தம் என்று நீளும். மூளைக்குப் போன புருசெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின், செஃப்ட்ரியாக்சோன் சேர்த்து மாதக்கணக்கில் சிகிச்சை தேவை. கறவை மாடு வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது. பச்சைப்பால் வாங்கிக் குடித்தவரையும் கேட்க வேண்டும்.

மறுபடி மலைக்குப் போகும்போது

முழுக்கைச் சட்டை, பேன்ட், அதன் நுனியைச் செருகிய சாக்ஸ், பூட்ஸ் ஆகியவை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். சாப்பிட உட்காரும்போது சருகின் மேல் உட்காராமல் ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். கழற்றிய துணியைப் புதர் மேல் போடாதீர்கள். டீட் கலந்த பூச்சி விரட்டிக் களிம்பைக் காலிலும் இடுப்பிலும் தடவலாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேலைத் துணியை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். லயன் வீடுகளைச் சுற்றிய புதரை வெட்டுவதும் எலியைக் கட்டுப்படுத்துவதும் எஸ்டேட் உரிமையாளர் செய்ய வேண்டியது. தொழிலாளி தலையில் அதைப் போடக் கூடாது. பூட்ஸும் அப்படித்தான்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமியில் பல வகை உண்டு, எதிர்ப்புச் சக்தியும் நெடுநாள் நிற்பதில்லை. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரும். போன வருடம் வந்துபோனது என்று சொல்லி இந்த வருடக் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஐந்தாம் நாள் விடியுமுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவாருங்கள்.